"உள்ள வாங்க, இது உங்க வரிப்பணம்!" - எங்கள் லைப்ரரி அத்தை

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதுவது பழகிப்போன வேலை. ஒரு பிரபலம் இறந்துவிட்டார் என்ற செய்தி உறுதியானால், அரை மணி நேரத்தில் கட்டுரை தளத்தில் இருக்க வேண்டும். அதற்கென்று ஓர் அச்சு இருக்கிறது. பிறந்த ஊர், முதல் வாய்ப்பு, திருப்புமுனை, விருதுகள், கடைசி நாள்கள். தகவல்களைத் திரட்டி அந்த அச்சில் ஊற்றினால் கட்டுரை தயார்.

என் அத்தைக்கு அந்த அச்சு பொருந்தாது. கூகுளில் அவர் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. விருது வாங்கியதில்லை. மேடை ஏறியதில்லை. 1988-ல் இருந்து 34 ஆண்டுகள் அரசுப் பொது நூலகங்களில் நூலகராக இருந்தார். 2022 ஜூனில் ஓய்வு பெற்றார். 2025 பிப்ரவரியில், 62 வயதில் இறந்துபோனார். தகவல் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால், அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் சொந்தக்காரர்களைவிட எங்களுக்கு முகமே தெரியாதவர்கள் அதிகம் வந்தார்கள். அப்பா வாசலில் நின்று, "நீங்க எந்த ஊரு, எப்படி அக்காவைப் பழக்கம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கிடைத்தது ஏறக்குறைய ஒரே பதில்தான். "நான் அவங்க லைப்ரரி மெம்பருங்க." சாப்பாடு போதாமல் இரண்டாவது முறை உலை வைத்தோம்.

யாருக்கும் தெரியாத ஒரு நூலகருக்கு எதற்காக இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்? அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஒரே நாற்காலி, மூன்று மாவட்டம்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம் எங்கள் ஊர். தாத்தா இறந்தபோது அத்தைக்கு 18 வயது. தம்பியான என் அப்பாவுக்கு 10. சொந்த நிலம் கிடையாது, குத்தகைதான். பாட்டி நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். அத்தை வீட்டில் தையல் மெஷின் மிதித்தார். நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பு முடித்தால் வேலைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று யாரோ சொல்ல, தையலில் சேர்த்த காசில் அதைப் படித்தார். 26 வயதில் வேலை கிடைத்தது.

"என்ன வேலைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. புக்குக்குக் காவலாம்" என்று பாட்டி தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

அத்தைக்கும் முதலில் அந்த வேலை பிடிக்கவில்லை. நாள் முழுக்க தூசி, பதிவேடு, பேசக் கூடாத அறை. அப்போது மூத்த நூலகர் ஒருவர் அவருக்கு எஸ்.ஆர்.ரங்கநாதனின் கதையைச் சொல்லியிருக்கிறார். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படுபவர், சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அந்தத் தனிமை தாங்காமல், வந்த கொஞ்ச நாளிலேயே பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா என்று பார்த்தார். பிறகு லண்டன் போய் நூலகங்கள் எப்படி இயங்குகின்றன என்று நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு இதில் பிடிப்பு வந்தது. "அவருக்கே முதல்ல பிடிக்கலையாம். நான் எம்மாத்திரம்?" என்பார் அத்தை.

முதல் 12 வருடங்கள் அத்தைக்கு ஒரே ஊரில்தான் வேலை. சேரும்போது அந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. 1997-ல் திருவாரூர் மாவட்டம் ஆனது. "நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம மூணு மாவட்டத்துல வேலை பார்த்தவ நான் ஒருத்திதான்" என்று பெருமையடித்துக்கொள்வார். இரண்டு முறையும் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மாறியதாம்.

வீட்டு வரி ரசீது

காரியத்துக்கு வந்தவர்களில் வயதான பெண்மணி ஒருவர். கண்டாங்கிச் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. அத்தையின் படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது இது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவர் மகன் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். தினமும் அவனைச் சாயங்காலம் நூலகத்தில் விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். மழை வந்தாலும் உள்ளே போகமாட்டார். செருப்பைக்கூட வாசலுக்கு வெகுதூரம் தள்ளித்தான் விடுவார். நாள் முழுக்க வயலில் நின்ற கால். படிக்கவும் தெரியாது. தனக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு.

ஒருநாள் அத்தை வெளியே வந்து, "வீட்டு வரி கட்டுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"கட்டுறோம்மா. பஞ்சாயத்துல ரசீதுகூட இருக்கு."

"நாளைக்கு அதை எடுத்துட்டு வாங்க."

பயந்துபோய், மறுநாள் ரசீதோடு வந்திருக்கிறார். அத்தை அதில் ஒரு வரியைக் காட்டி, "இது நூலக வரி. நீங்க கட்டுற வரியில இருந்து இந்த லைப்ரரிக்குப் பணம் வருது. இந்த பெஞ்சு, இந்த ஃபேன், இந்தப் புக்கு எல்லாத்துலயும் உங்க காசு இருக்கு. உள்ள வாங்க, இது உங்க வரிப்பணம். நீங்க வெளிய உட்கார்ந்தா நான் எப்படி உள்ள உட்கார்றது?" என்றாராம்.

அத்தை சொன்னது சமாதானத்துக்காகச் சொன்ன வார்த்தை இல்லை. 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. ரங்கநாதன் பல ஆண்டுகள் அதற்காக உழைத்தார். அதன்படிதான் உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கின்றன. இன்றைக்கு வரியில் ஒரு ரூபாய்க்கு 10 பைசா. குடிசை வீட்டுக்காரர் கட்டுவதிலும் அந்தப் பங்கு உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் பிச்சை போட்டதல்ல நம் ஊர் நூலகம் என்பதை அத்தை எல்லோரிடமும் சொல்வார். புத்தகத்தைக் கிழிப்பவர்களிடமும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் சத்தமாக.

அந்தப் பெண்மணி அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தார். அத்தை படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அது அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். ராத்திரி வகுப்பில் அவர் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். இங்கேதான் அத்தை ஒன்றைக் கவனித்தார். வகுப்பு முடிந்ததும் பலர் கற்ற எழுத்தை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் படிப்பதற்கு வீட்டில் எதுவும் இல்லை. பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் உள்ள புத்தகங்களைப் பொறுக்கி எடுத்து, வாசலுக்கு நேர் எதிரே கீழ்த்தட்டில் வைத்தார். குனிந்து எடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கூச்சம் இருக்காது என்பது அவர் கணக்கு.

"இன்னிக்கு வரைக்கும் பஸ்ஸுல போர்டு பார்த்து ஏறுறேன். யாரையும் கேட்கிறதில்ல" என்றார் அந்தப் பெண்மணி. மஞ்சள் பையில் இருந்து பழைய வீட்டு வரி ரசீதை எடுத்து அப்பாவிடம் காட்டினார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

எங்கள் பகுதிக்கு இது புதிதும் இல்லை. மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த எஸ்.வி.கனகசபைப் பிள்ளை, 1931-லேயே மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியவர். "அந்த மாடு நடந்த ரோட்டுலதான் நான் பஸ்ஸுல போறேன்" என்று அத்தை சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கும் அட்டைதான்

அத்தையை அன்பே வடிவானவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகா கண்டிப்பு. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுபவர்களைக் கண்டால் எழுந்தே வந்துவிடுவார். பக்கத்தின் மூலையை மடக்கினால் அடுத்த முறை புத்தகம் கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்து, முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, சொந்த அத்தைதானே என்று ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தை கையை நீட்டினார். "அட்டை எங்கே?" உறுப்பினர் அட்டை இல்லை என்றதும் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையில் பாட்டி அத்தையோடு சண்டைக்கே போய்விட்டார். மறுநாள் அத்தை தன் சம்பளத்தில் எனக்குக் காப்புத்தொகை கட்டி, படிவத்தில் என்னையே கையெழுத்து போடவைத்தார். கோணல்மாணலாக என் பெயரை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் ஒரு ரகசியமும் சொன்னார். நூலகப் புத்தகங்களில் முதல் பக்கத்தில் முத்திரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் இருக்கும். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திருடிக்கொண்டு போனாலும் அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் நூலகத்தில் அது எந்தப் பக்கம் என்பதை என் காதில் சொன்னார். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

"வருத்தம் இருந்துச்சு"

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "புத்தகத்தையே கட்டிக்கிட்டா" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மை இல்லை. நல்ல இடங்கள் வந்தன. "தம்பி படிப்பு முடியட்டும்" என்று இரண்டைத் தள்ளினார். மூன்றாவதாக வந்தவர்கள், பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். அத்தை மாட்டேன் என்றார். அதன் பிறகு ஜாதகத்தை யாரும் கேட்கவில்லை.

கல்லூரி படிக்கும்போது ஒருமுறை நேராகவே கேட்டேன். "அத்தை, உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"வருத்தம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய். ராத்திரி லைப்ரரியைப் பூட்டிட்டு வரும்போது சில நாள் ரொம்ப இருக்கும். காலையில திறக்கும்போது வாசல்ல நாலு பேர் நிப்பாங்க. அப்புறம் ஞாபகம் வராது" என்றார்.

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கஜா புயலுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் 14 தென்னைகள் சாய்ந்தன. அடுப்படியின் மேல் இருந்த ஓடுகள் பறந்துவிட்டன. கரன்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. அப்போது அத்தை வேலை பார்த்தது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஓட்டுக் கட்டட நூலகத்தில். கல்லூரி லீவில் நான் ஊரில் இருந்தேன். மூன்றாம் நாள், சாலையில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் யாரோ ஒருவரின் டிராக்டரிலும் இருவரும் போய்ச் சேர்ந்தோம்.

கூரையில் ஒரு பக்கம் வானம் தெரிந்தது. அந்தப் பக்கத்து அலமாரிகள் முழுக்க நனைந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. அத்தை சேலையை இழுத்துச் செருகினார்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக் கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெயிலில் போட்டால் அட்டை வளைந்து, தாள் முறுக்கிக்கொள்ளும். நிழலில், காற்று வரும் இடத்தில், விசிறிபோல லேசாக விரித்து நிறுத்தி வைக்க வேண்டும். சில பக்கங்களுக்கு ஒருமுறை பழைய நியூஸ் பேப்பரைச் செருகி, அது ஈரத்தைக் குடித்ததும் மாற்ற வேண்டும். வழவழப்பான தாளில் அச்சடித்த படப் புத்தகங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அவை அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

நாங்கள் திண்ணையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போன ஒருவர் நின்றார். தோப்பு மொத்தமும் போன மனிதர் என்று பிறகு தெரிந்தது. "ஊரே போயிடுச்சு. நீங்க புக்கைக் காயவெச்சுட்டு இருக்கீங்களேம்மா" என்றார். குரலில் கோபம் இருந்தது.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னால காயவெக்க முடியுறது இதுதாங்க ஐயா" என்றார்.

அந்த மனிதர் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தன் வீட்டுப் பழைய பேப்பர் கட்டைக் கொண்டுவந்து போட்டார். பரணில் இருந்ததால் நனையவில்லையாம். அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் புத்தகங்களையும் காப்பாற்ற முடியவில்லை. முடியாதவற்றை அத்தை ஒவ்வொன்றாகச் சேதப் பட்டியலில் எழுதினார். எழுதும்போது ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொன்னார்.

போனில் ஒரு நூலகம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நூலகங்களைப் பூட்டினார்கள். அத்தையின் நூலகத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் இருந்தார். கண் பார்வை குறைந்து, தலைப்புகளை மட்டுமே அவரால் படிக்க முடியும். வீட்டில் பேசவும் ஆளில்லை. பூட்டிய இரண்டாம் நாளில் இருந்து, காலை 8 மணிக்கு அத்தை அவருக்குப் போன் செய்து பேப்பர் வாசித்துக் காட்டினார். தலையங்கம் வரை வாசிப்பார். நடுநடுவே அவர் அரசியல் பேச, அத்தை எதிர்த்துப் பேச, எங்கள் வீட்டில் காலை காபி அந்தச் சண்டையோடுதான் விடியும்.

அத்தை அந்த வருட ஜூனில் 58 வயதில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். மே மாதம் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த பிப்ரவரியில் 60 என்றது. வீட்டில் எல்லோரும் "பாவம், இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கணும்" என்றோம். அத்தை அன்றைக்குக் கேசரி கிண்டினார்.

"இதை உனக்கு யார் சொன்னா?"

நான் பட்டப்படிப்பு முடித்ததும் இதழியல் டிப்ளமோ படிக்கிறேன் என்றேன். அப்பாவுக்கு விருப்பமில்லை. பி.எட். முடித்து டீச்சராகட்டும் என்றார். அத்தை அவரிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். "அவ கேட்கிறதைக் கொடு தம்பி. நீ வேற புத்தகத்தை நீட்டினா அவ திறக்கவே மாட்டா." முதல் தவணைக் கட்டணத்தை அத்தை பி.எஃப். லோன் போட்டுக் கட்டினார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் லிங்க்கையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். படித்துவிட்டுப் போன் செய்வார். பாராட்டு எல்லாம் வராது. "இந்த விஷயத்தை உனக்கு யார் சொன்னா? எங்க பார்த்த?" என்பதுதான் முதல் கேள்வி.

அது அவருடைய தொழில் பழக்கம். நூலகத்துக்கு வந்து யாராவது ஒரு ஆண்டையோ பெயரையோ கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் வாயால் சொல்லமாட்டார். எழுந்து போய், புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார். "எனக்குத் தெரியும்கிறது வேற, இந்தப் பக்கத்துல இருக்குங்கிறது வேற. அவங்க நாளைக்கு நாலு பேர்கிட்ட சொல்லும்போது என் பேரைச் சொன்னா நிக்காது. புக்கு பேரைச் சொன்னா நிக்கும்" என்பார். டிப்ளமோவில் ஒரு பருவம் முழுக்க எங்களுக்கு நடத்திய பாடம்தான் இது.

காரியத்துக்கு வந்திருந்த ஒரு கிராம நிர்வாக அலுவலரும் இதையேதான் சொன்னார். குரூப் 4 தேர்வுக்காக மூன்று வருடம் அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர். இரண்டு முறை தோற்று, இனி வரமாட்டேன் என்று அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். அத்தை அறிவுரை எதுவும் சொல்லவில்லையாம். "இந்தப் புக்கு உங்க பேர்ல இருக்கு. இதைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அட்டையை வாங்க முடியும்" என்று ஒரு வழிகாட்டி நூலை அவர் பெயரில் எழுதி, கையிலும் கொடுத்துவிட்டாராம். "எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். இப்படிச் சொன்னதும் திருப்பிக் கொடுக்கணுமேன்னு படிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ஆறு மெஷின்கள், ஒரு வயர் கூடை

ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் அத்தையின் கால்கள் வீங்கின. பல வருட சர்க்கரை இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது என்றார்கள். 2023-ல் டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடது கையில் ஊசி ஏற்றிவிட்டால் அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று அளவு. அளந்து ஊற்றிய டம்ளரை அத்தை வாய் வாயாகக் குடிப்பதைப் பார்த்தால் நமக்குத் தொண்டை வறளும்.

ஒற்றைக் கையால் கனமான புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாது. இரண்டு வாரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாவது வாரம், வீட்டில் இருந்த ஒல்லியான புத்தகங்களாகப் பொறுக்கி, ஒரு வயர் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பத்துப் புத்தகம் இருக்கும்.

அந்த அறையில் ஆறு மெஷின்கள். ஆறு பேரும் நான்கு மணி நேரம் கூரையைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். "என்னம்மா படிக்கிறீங்க?" என்று அவர்தான் முதலில் கேட்டார். கேட்டது போதும். அடுத்த முறை போகும்போது கூடையில் ஒரு நீளமான நோட்டும் இருந்தது. தேதி, மெஷின் எண், புத்தகத்தின் பெயர், திருப்பிய தேதி என்று நான்கு பத்தி கோடு போட்டிருந்தார்.

24 வயதில் ஒரு தம்பி அங்கே வந்தான். ஐ.டி.ஐ. முடித்து, வெளிநாடு போக மெடிக்கல் எடுத்தபோதுதான் நோயே தெரிந்திருக்கிறது. யாரோடும் பேசமாட்டான். சிஸ்டர் கேட்டால்கூடத் தலையைத்தான் அசைப்பான். அத்தை அவனிடம் எதுவும் கேட்கவில்லை. என் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, பழைய முத்து காமிக்ஸ் ஒன்றை எடுத்துப்போய் அவன் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தார். மூன்று முறை அது அங்கேயே கிடந்தது. நான்காவது முறை போனபோது அவன், "இதோட அடுத்த பாகம் இருக்கா?" என்று கேட்டான். அன்றைக்கு அத்தை எனக்குப் போன் செய்து அந்த நான்கு வார்த்தைகளை நான்கு முறை சொன்னார்.

ஊருக்கு வரும் நாள்களில் லேப்டாப்போடு அத்தைக்குத் துணையாக அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பேன். ஒருமுறை நோட்டைப் புரட்டிவிட்டு, "அத்தை, ஏழு புத்தகம் திரும்பியே வரலை. கேட்கலாமா?" என்றேன்.

"கெடு முடிஞ்சா நானே கேட்பேன். அதுவரைக்கும் சும்மா இரு. அலமாரியில இருக்கிற புக்கு தூங்குது. வெளிய இருக்கிறதுதான் வேலை பார்க்குது" என்றார்.

நோட்டில் வேறு கையெழுத்து

அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது. முதல் நாள் சனிக்கிழமைதான் டயாலிசிஸ் முடித்து வந்திருந்தார். கூடையும் நோட்டும் அந்த அறையிலேயே இருந்தன. கடைசி சில மாதங்கள் தூக்கிவர முடியாமல் சிஸ்டரிடம் சொல்லி அங்கேயே வைத்திருந்தார்.

காரியம் முடிந்த பிறகு அப்பா கூடையை எடுத்துவரச் சொன்னார். அக்காவின் பொருள் என்று ஏதாவது வீட்டில் இருக்கட்டும் என்ற ஆசை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனேன்.

கூடை அதே ஜன்னலோரம் இருந்தது. ஆனால், பத்துப் புத்தகம் இருந்த இடத்தில் இருபதுக்கு மேல் இருந்தன. ஆட்டோ ஓட்டுநர் பழைய புத்தகக் கடையில் வாங்கிவந்து சேர்த்தாராம். சிஸ்டர் ஒருவர் தன் பிள்ளையின் கதைப் புத்தகங்களைப் போட்டிருந்தார். நோட்டைத் திறந்தேன். அத்தையின் சாய்ந்த கையெழுத்து ஒரு சனிக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே செவ்வாய், வியாழன், சனி என்று பதிவுகள் தொடர்ந்தன. கோடு மாறவில்லை, நான்கு பத்தி மாறவில்லை. கையெழுத்து மட்டும் வேறு.

அந்தத் தம்பியின் கையெழுத்து. "அம்மா இல்லாதப்ப யாராவது எழுதணுமில்ல, அக்கா" என்றான்.

அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அங்கேயே இருக்கட்டும். பரண்ல இன்னும் காமிக்ஸ் கிடக்கு, அடுத்த வாரம் நானே எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு நாற்காலி உங்கள் காசில் வாங்கியது. போய் உட்காருங்கள். அங்கே இருக்கும் நூலகரிடம் நாலு வார்த்தை பேசுங்கள்.

நான் கிளம்பும்போது கூடையில் இருந்து சும்மா ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். பஸ்ஸில் படிக்கலாம் என்று பையில் வைக்கப்போனேன். ஊசி ஏறாத கையால் அந்தத் தம்பி நோட்டை என் பக்கம் தள்ளினான்.

"பேர் எழுதிட்டு எடுங்க, அக்கா. 15 நாள்தான்."

எழுதினேன்.